சண்டை நாய்களுக்கு மீன் பிஸ்கட்

மீன் மார்க்கெட்டில் அவளைச் செதில் என்றுதான் கூப்பிடுவார்கள். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் காது மடலிலோ கழுத்து மடிப்பிலோ ஒரு செதில் ஒட்டிக்கொண்டு மினுங்கும். அந்தப் பெயரை வைத்தவர் ஐஸ் வண்டிக்காரர். "தங்கத்துல தோடு வாங்கித் தரத்தான் ஆளில்ல, வெள்ளி தானா வந்து ஒட்டிக்குது பாரு" என்பார். அவள் கையில் கிடைத்த மீன் வாலை அவர் மேல் வீசுவாள். அவர் அதைப் பிடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விடுவார்.

வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. ஆம்பளைத் தோள். பெரிய சூரை மீனைப் பலகையில் கிடத்தி, செவுளுக்குப் பின்னால் கத்தியை இறக்கி முதுகெலும்போடு ஒரே இழுப்பில் வால்வரை கொண்டுபோவதை, வாங்க வந்தவர்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள். மதியத்தோடு மார்க்கெட் கழுவிவிடப்படும். அதற்குப் பிறகு அவள் போகிற வீட்டைப் பற்றித்தான் யாரும் கேட்கமாட்டார்கள். கேட்டால் அவள் பேச்சை மாற்றுவாள் என்று எல்லோருக்கும் தெரியும்.

அந்த வீட்டில் அடி என்பது புதுசில்லை. அவள் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். வேலை இல்லாத நாளில் அவருக்குக் கை நமநமவென்று இருக்கும். தண்ணீர் பாய்ச்சுகிற ரப்பர் குழாயை அளவாக வெட்டிக் கதவுக்குப் பின்னால் மாட்டி வைத்திருந்தார். அம்மா ஒரு நாள் கடைக்குப் போனவள் போனவள்தான். அப்போது தம்பி தவழ்கிற பிள்ளை. அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டதும் இவள் தம்பியைத் தூக்கித் துணி அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, அலமாரி மேல் முதுகைக் கொடுத்து நிற்பாள். விழுகிறதெல்லாம் அவள் மேல் விழும்.

தம்பி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த காலத்தில் ஒரு நாள், சாப்பாட்டுத் தட்டைத் தட்டிவிட்டான் என்று அப்பா அவனை ஒற்றைக் காலைப் பிடித்துத் தூக்கி மாடிப் படியின் கைப்பிடிக்கு வெளியே தலைகீழாகத் தொங்கவிட்டார். அவள் கதவுக்குப் போடுகிற இரும்புத் தாழ்ப்பாளை உருவி அப்பாவின் முட்டியில் போட்டாள். எலும்பு உடைந்த சத்தம் கீழ் வீடுவரை கேட்டது. விழுகிறபோது அவர் பிள்ளையை விட்டுவிடுவதற்குள் இவள் பாய்ந்து அவன் இடுப்பைப் பிடித்திருந்தாள். அன்றிலிருந்து சாகிறவரை அப்பா நொண்டினார். ஒருவர் மேலும் கை வைக்கவில்லை.

தம்பி அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா தன்னைக் காப்பாற்றினாள் என்பது அவனுக்குப் புரிந்ததா என்று தெரியாது. அடித்தால் அடங்கும் என்பது மட்டும் நன்றாகப் புரிந்துவிட்டது.

வளர்ந்து ஆளான பிறகு அவன் கன்டெய்னர் யார்டில் காவல் வேலைக்குச் சேர்ந்தான். அக்காவும் தம்பியும் ஊர் ஓரத்தில் ஒரு தனி வீட்டுக்குக் குடிவந்தார்கள். பின்பக்கம் சிமெண்டுத் தரை போட்ட முற்றம், அதன் மூலையில் தகரக் கொட்டகை. அந்தக் கொட்டகையைப் பார்த்துத்தான் தம்பி வீட்டைப் பிடித்தான். குடிவந்த மாதமே சாம்பல் நிறத்தில் ஒரு நாயைக் கூட்டிவந்தான். பின்னாலேயே கறுப்பாக ஒரு பெட்டை. அவன் அவற்றுக்குப் பெயர் வைக்கவில்லை. இவள்தான் மனசுக்குள் சாம்பல், கரி என்று வைத்துக்கொண்டாள்.

"காவலுக்கா?" என்று கேட்டாள்.

"காவலுக்கு நான் இருக்கேன். இது சண்டைக்கு."

பழைய இரும்புக் கடையின் பின்பக்கம், வண்டிகளை உடைத்துக் குவித்திருக்கிற இடத்தில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாய்ச் சண்டை நடக்கும். நடத்துகிறவன் கடைக்காரன்தான். எல்லோரும் அவனை இரும்பு என்றார்கள். கழுத்து தடிக்க வேண்டும் என்று லாரிச் சங்கிலியை நாய்களின் கழுத்தில் மாட்டச் சொன்னவன் அவன். சண்டைக்கு முந்தின நாட்களில் பட்டினி போடச் சொன்னவனும் அவனே. பசி தாங்காமல் குரைத்தால் அடக்குவதற்கு ரப்பர் குழாய் வாங்கிவரும் யோசனை மட்டும் தம்பியுடைய சொந்தச் சரக்கு.

முதல் முறை அந்தக் குழாய் காற்றைக் கிழிக்கிற சத்தத்தைக் கேட்டபோது அவள் சமையலறையில் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். முதுகுத் தோல் தானாகச் சுருங்கியது. தட்டைப் போட்டுவிட்டு ஓடிப்போய்த் தம்பியின் கையைப் பிடித்தாள்.

"விடுடா. வாயில்லாத ஜீவன்டா அது."

"வாயில்லையா? உள்ள கைய விட்டுப் பாரு, எவ்ளோ பெரிய வாய்னு தெரியும்" என்று சிரித்துக்கொண்டே அவளைத் தள்ளினான். அவள் கொட்டகைத் தகரத்தில் போய் மோதினாள். நெற்றி பிளந்தது. அவன் பதறிப்போய்த் துணி கொண்டுவந்து கட்டினான். பக்கத்திலேயே உட்கார்ந்து காபி போட்டுக் கொடுத்தான். கோபம் தணிந்தால் அவனைப்போல் பாசமாக யாரும் பார்த்துக்கொள்ளமாட்டார்கள். அதுதான் அவளுடைய கஷ்டமே.

அவன் மதிய ஷிப்டுக்குப் போன பிறகு மார்க்கெட்டிலிருந்து கொண்டுவந்த மீன் தலைகளை வேகவைத்து நாய்களுக்குப் போட ஆரம்பித்தாள். இரண்டாவது நாளே மாட்டிக்கொண்டாள். கொட்டகைத் தரையில் தாடை எலும்பு கிடந்தது. தம்பி அவளை ஒன்றும் சொல்லவில்லை. எலும்பைக் கையில் எடுத்துக் காட்டிவிட்டு, அவள் பார்க்கப் பார்க்கச் சாம்பலை அடித்தான். நாய் சிறுநீர் கழித்துக்கொண்டு சுவரோடு ஒடுங்கியது.

"நீ போடுற ஒவ்வொரு தலைக்கும் இதான்" என்றான்.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. எலும்பு இருக்கக்கூடாது, வாசனை தரையில் தங்கக்கூடாது, ஒரே வாயில் விழுங்கிவிட வேண்டும். அவள் கடைக்குப் பூனைகளுக்காகப் பொடி மீன் வாங்க வருகிற கால்நடை டாக்டரம்மா ஒருவர் இருந்தார். குள்ளமான பெண்மணி. மீன் துண்டுக்கெல்லாம் பேரம் பேசமாட்டார், ஆனால் வண்டி நிறுத்துகிற இடத்துக்குச் சண்டை போடுவார்.

"டாக்டரம்மா, நாய்க்கு மீன்ல பிஸ்கட் மாதிரி எதாச்சும் பண்ணலாமா?"

"பண்ணலாமே. உப்பு போட்றாதீங்க. வெங்காயம், பூண்டு கிட்டயே கொண்டு வராதீங்க, அதுங்களுக்கு விஷம். முள்ளு சுத்தமா எடுத்துடணும். மாவு, முட்டை, மீன், அவ்ளோதான். சின்னத் தீயில நல்லா காயுற வரைக்கும் ஓவன்ல விடுங்க. நாய் வளக்கிறீங்களா?"

"தம்பி வளக்கிறான்" என்று சொல்லி அவள் குனிந்து மீனைப் பார்த்தாள்.

சாமான் கடையில் பழைய ஓவன் ஒன்று வாங்கினாள். கதவு சரியாக மூடாது, ஒரு கரண்டியைச் செருகித்தான் சாத்த வேண்டும். சூரை மீன் துண்டுகளையும் மத்தியையும் தண்ணீரில் வேகவைத்து, ஆறவைத்து, விரலால் தடவித் தடவி முள் எடுப்பாள். மசித்ததில் ஓட்ஸை அரைத்துப் போட்டு, முட்டையை உடைத்து ஊற்றிக் கெட்டியாகப் பிசைவாள். பூரிக்கட்டையால் பரத்தி, ஒரு மூடியின் விளிம்பால் கட்டை விரல் அகலத்துக்கு வெட்டித் தட்டில் அடுக்குவாள். முதல் தட்டு கருகிவிட்டது. இரண்டாவது தட்டு கருங்கல்லாக வந்தது. ஐஸ் வண்டிக்காரர் மார்க்கெட்டில் அதில் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு கடகடவென்று கடித்தார்.

"எப்படி?"

"உப்பு இல்ல. மத்தபடி என் வீட்டுக்காரி செய்றதுக்கு இது தேவல."

"அது நாய்க்குண்ணே."

அவர் கொஞ்ச நேரம் மென்றுகொண்டே நின்றார். "அப்போ இன்னொண்ணு குடு" என்றார். மார்க்கெட்டே சிரித்தது.

மூன்றாவது தட்டு சரியாக வந்தது. வெளியே முறுகலாக, உடைத்தால் உள்ளே பஞ்சாக. கொட்டகைச் சுவரில் காற்றுப் போக விட்டிருந்த ஓட்டை வழியாக அவள் கையை நீட்டினாள். உள்ளே இருட்டில் சங்கிலி நகர்ந்தது. சாம்பல் பிஸ்கட்டோடு சேர்த்து அவள் கையையும் கவ்வியது. கட்டை விரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் பல் இறங்கியது. மீன்காரிக்கு ஒன்று தெரியும்: கொக்கியில் மாட்டின கையை வெடுக்கென்று இழுத்தால் சதையோடு போகும். பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். ரத்தம் சுவரில் வழிந்தது. நாய் உறுமியது. பிறகு என்ன நினைத்ததோ, வாயைத் திறந்து, பிஸ்கட்டை மட்டும் எடுத்துக்கொண்டு பின்வாங்கியது. அடுத்த நாள் அது நாக்கால் எடுத்தது. கரி கடைசிவரை கையிலிருந்து வாங்கவில்லை. வீசினால்தான் எடுக்கும்.

இரண்டு மாதத்தில் நாய்களின் ரோமம் எண்ணெய் தடவினதுபோல் பளபளத்தது. விலா எலும்பு மறைந்தது. தோளில் சதை உருண்டு திரண்டது. அவளுக்கு ஏக சந்தோஷம். ஓட்டை வழியாகக் கண்ணை வைத்துப் பார்ப்பாள். சாம்பல் அவள் காலடிச் சத்தத்துக்கே வாலால் தகரத்தை அடிக்க ஆரம்பித்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி சட்டையெல்லாம் ரத்தத்தோடு வந்தான். "என்னடா ஆச்சு?"

"என் ரத்தம் இல்லக்கா!" என்று அவளைத் தூக்கிச் சுற்றினான். "இரும்போட நாய் இருக்கே, தோத்ததே கெடையாது, அத நம்ம ஆளு ஒரே தூக்கு! பாரு, பாரு."

போனில் படம் பிடித்து வைத்திருந்தான். அவள் பார்க்கவேண்டாம் என்று நினைப்பதற்குள் பார்த்துவிட்டாள். சாம்பல் ஒரு வெள்ளை நாயின் தொண்டையைப் பிடித்துக்கொண்டு தலையை இடம் வலமாக உதறியது. வெள்ளை நாயின் பின்னங்கால்கள் மண்ணைக் கீறின, பிறகு கீறவில்லை. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். சாம்பலின் தோளில் தசை அலைபோல எழுந்து இறங்கியது. அந்தச் சதை எதில் வந்தது என்று அவளைத் தவிர யாருக்கும் தெரியாது.

போனை அவன் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

அடுத்த இரண்டு சண்டையிலும் சாம்பல் ஜெயித்தது. கரியும் ஒன்றில் ஜெயித்தது. போடாமல் இருந்தால் நாய்கள் பட்டினியில் அலறின, போட்டால் வேறு நாய்கள் செத்தன. எந்தப் பக்கம் திரும்பினாலும் அவள் கை அதில் இருந்தது.

அந்த நேரத்தில்தான் தம்பி கண்டுபிடித்தான். சங்கிலியைக் கழற்றும்போது கீழே ஒரு பிஸ்கட் கிடந்திருக்கிறது. அவள் ஓவனில் தட்டை வைத்துவிட்டுத் திரும்பினபோது அவன் அதை மோந்து பார்த்தபடி வாசலில் நின்றான். அவள் அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டாள். அவன் சிரித்தான்.

"நீதானா அது? நானும் பாக்குறேன், பட்டினி போட்டும் எப்படிடா இப்படி முறுக்கிக்கிட்டு நிக்குதுன்னு! அக்கா, நீ என் குலசாமிக்கா. பண்ணு, நெறைய பண்ணு. இரும்பு கேட்டாலும் குடுப்போம்."

"பண்ணமாட்டேன்."

"என்ன?"

"இனிமே பண்ணமாட்டேன்டா. நான் பசிக்குப் போட்டேன். நீ கொலைக்கு ஏத்துற."

அவன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "சோறு போட்டு வளத்தவதானே, இப்ப மட்டும் என்னா?" என்றபடி அவள் மணிக்கட்டைப் பிடித்தான். அவள் உதறினாள். மீன் வெட்டின கைக்கும் பலம் இருந்தது. அவன் ஒரு முறை தடுமாறிச் சுவரில் இடித்தான். அது அவனுக்கு இன்னும் வெறியை ஏற்றியது. கரண்டி தெறித்து ஓவன் கதவு திறந்துகொண்டது. அவளுடைய இடது உள்ளங்கையை உள்ளே இழுத்து, காய்ந்துகொண்டிருந்த தட்டின் மேல் வைத்து அழுத்தினான்.

"பண்ணுவியா?"

அவள் கத்தவில்லை. அப்பாவிடம் கத்தாமல் இருந்து பழகியவள். கொட்டகையில் நாய்கள் இரண்டும் சங்கிலி அறுகிறமாதிரி குரைத்தன. தோல் பொசுங்குகிற வாசனை வந்ததும் அவனே கையை விட்டான். பிறகு வழக்கம்போல் தண்ணீர் கொண்டுவந்தான். இந்தத் தடவை அவள் அந்தத் தண்ணீரைத் தொடவில்லை.

மறுநாள் கட்டுப் போட்ட கையோடு மார்க்கெட்டுக்குப் போனாள். ஐஸ் வண்டிக்காரர் பார்த்ததும் வண்டியை நிறுத்திவிட்டார்.

"என்ன, எண்ணெய் தெறிச்சிடுச்சா?"

"இல்லண்ணே. தம்பி."

காயத்துக்குக் காரணமாக அந்த ஒரு வார்த்தையை அவள் இத்தனை காலத்தில் சொன்னதில்லை. அவருடைய கேலியெல்லாம் எங்கேயோ போய்விட்டது. ஐஸ் உடைக்கிற ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு, "எங்க இருப்பான் இப்போ?" என்றார்.

"வேணாம். அவன நீங்க குத்தினா நான் ஆஸ்பத்திரியில அவனுக்குத்தான் ஒக்காந்திருப்பேன். என் புத்தி அப்படி. டாக்டரம்மா வந்தாங்களா?"

டாக்டரம்மா வந்தார். கையைப் பிரித்துப் பார்த்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். போலீசில் தனக்குத் தெரிந்த அதிகாரி இருப்பதாகவும், சண்டை நடந்துகொண்டிருக்கும்போது போனால்தான் இரும்பைப் பிடிக்க முடியும் என்றும் சொன்னார்.

"உங்க தம்பியும் உள்ள போவாரு. அத யோசிச்சுக்கோங்க."

அவள் பலகையில் கிடந்த மீனைப் புரட்டிப் போட்டாள். "ஞாயித்துக்கிழமை மத்தியானம்" என்றாள்.

அந்த ஞாயிறு சாம்பலை இரண்டு நாய்களோடு, ஒன்று மாற்றி ஒன்றாக விடப்போவதாகப் பேச்சு. தம்பி அதைக் குதூகலமாகச் சொல்லிவிட்டு, வேனில் ஏற்றிக்கொண்டு போனான். போலீஸ் வரும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஆனாலும் அவளுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. மிச்சமிருந்த பிஸ்கட்டை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டாள். மீன் கத்தியை எதற்கு எடுத்தாள் என்று பிற்பாடு கோர்ட்டில் கேட்டபோது, "அது எப்பவும் என் பையில இருக்கும்" என்றாள். அது உண்மை.

இரும்புக் கடையின் பின்னால் துருப்பிடித்த கார் கதவுகளை வட்டமாக நிறுத்திக் களம் அமைத்திருந்தார்கள். சுற்றிலும் ஆட்கள். பெண் என்று அவள் ஒருத்திதான். யாரும் தடுக்கவில்லை. எல்லோர் கண்ணும் உள்ளே இருந்தது. அவள் நெருக்கித் தள்ளிக்கொண்டு முன்னால் போனபோது முதல் நாய் ஓரமாகச் செத்துக் கிடந்தது. சாம்பலின் ஒரு காது இல்லை. முகம் முழுக்க ரத்தம். எதிரில் அகன்ற தாடையோடு செம்பட்டை நாய் ஒன்றைக் கழுத்துப் பட்டையில் பிடித்துக்கொண்டு நின்றான் இரும்பு.

விட்டான்.

"தம்பி, நிறுத்துடா!" என்று அவள் கத்தினாள்.

தம்பிக்குக் கேட்கவில்லை. சாம்பலுக்குக் கேட்டது. ரத்தம் வழிகிற தலையைத் திருப்பி அவள் நின்ற பக்கம் பார்த்தது. வால்கூட ஒரு முறை அசைந்தது. அந்த நொடியில் செம்பட்டை நாய் அதன் கழுத்தில் ஏறியது.

ஜெயிக்கிற நாய் சாகப்போகிறது என்றதும் தம்பிக்குத் தலை கால் புரியவில்லை. கார் கதவைத் தாண்டிக் குதித்து, கட்டையால் செம்பட்டை நாயின் வாயை நெம்பி விலக்கினான். இரும்பு ஓடிவந்து தன் நாயை இழுத்துக்கொண்டான். தம்பி குனிந்து சாம்பலின் கழுத்தைப் பிடித்தான். கண்ணில் ரத்தம் அடைத்த நாய்க்கு யார் கை என்று தெரிய நியாயமில்லை. ஒருவேளை தெரிந்திருக்கலாம். முழங்கைக்குக் கீழே கவ்வியது.

தம்பி போட்ட அலறலில் கூட்டம் பின்வாங்கியது. ஒருவன் இரும்புக் குழாயால் நாயின் முதுகில் அடித்தான். பிடி இன்னும் இறுகியது. இன்னொருவன் வாளித் தண்ணீரை ஊற்றினான். நாய் உதறியது. அவள் போனில் பார்த்த அதே உதறல், இடமும் வலமும். தம்பி பொம்மைபோல் மண்ணில் இழுபட்டான். வெள்ளையாக எலும்பு தெரிந்தது.

அவள் உள்ளே குதித்து மண்டி போட்டாள். டப்பாவைத் திறந்து கை நிறைய பிஸ்கட்டை அதன் மூக்கருகே கொண்டுபோனாள். "டேய், சாம்பல், இங்க பாருடா, நான்டா, விட்றா கண்ணு, விட்றா" என்று கெஞ்சினாள். மூக்கு ஒரு முறை விரிந்தது. அவ்வளவுதான். பிஸ்கட்டெல்லாம் ரத்தச் சேற்றில் விழுந்து ஊறின. தாடை அசையவில்லை.

"அக்கா... அக்கா..." என்று தம்பி முனகினான். படிக் கைப்பிடிக்கு வெளியே தலைகீழாகத் தொங்கிக்கொண்டு கூப்பிட்ட அதே குரல். உதடு நீலம் பூத்துவிட்டது.

அவள் பையிலிருந்து கத்தியை எடுத்தாள். வெந்த கையை நாயின் கண்களின் மேல் வைத்து மூடினாள். காதுக்குப் பின்னால், தலையும் கழுத்தும் சேருகிற இடத்தைத் தேடவேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை. இறக்கினாள். சாம்பல் ஒரு முறை நீளமாக மூச்சு விட்டது. தாடை தளர்ந்தது. அப்போதும் பற்களை ஒவ்வொன்றாக விரலால் பிரித்துத்தான் தம்பியின் கையை எடுக்க வேண்டியிருந்தது.

மேலங்கியைக் கழற்றி அவன் தோளுக்குக் கீழே இறுக்கிக் கட்டிக்கொண்டிருக்கும்போது போலீஸ் வண்டிகள் வந்தன. கூட்டம் குவியல்களின் மேல் ஏறி ஓடியது. இரும்பு மதிலில் ஏறி, உச்சியில் பதித்திருந்த கண்ணாடிச் சில்லில் மாட்டிக்கொண்டு, இந்தப் பக்கமும் போகமுடியாமல் அந்தப் பக்கமும் போகமுடியாமல் அலறினான். கண்ணாடியைப் பதித்தவனும் அவன்தான். டாக்டரம்மா அவனைத் திரும்பியும் பார்க்காமல் செம்பட்டை நாயின் பக்கம் ஓடினார்.

ஆஸ்பத்திரியில் தம்பி உயிர் பிழைத்தான். கை பேருக்கு இருந்தது, விரல்கள் மடங்கவில்லை. நினைவு தெளிந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "என் நாய் எங்க?"

"செத்துப்போச்சு."

"எப்படி?"

"நான்தான் குத்தினேன்."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். அவன் அழுது அவள் பார்த்து எத்தனையோ வருஷம். "அவன ஏன்க்கா கொன்ன? என் உயிருக்கா அது. உனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

அவள் எழுந்து, பலங்கொண்ட மட்டும் அவன் கன்னத்தில் அறைந்தாள். நர்ஸ் ஓடிவந்து அவளை வெளியே இழுத்துக்கொண்டு போனாள். நடையில் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். தன் கை அரிக்கிற அரிப்பைப் பார்த்து அவளுக்கே பயமாக இருந்தது. அப்பாவுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமோ என்று நினைத்தாள். அதற்குப் பிறகு அவள் யாரையும் அடிக்கவில்லை.

கோர்ட்டில் அவள் கூண்டில் ஏறி நடந்ததை நடந்தபடி சொன்னாள். பிஸ்கட் செய்ததையும் சேர்த்துச் சொன்னாள். இரும்பின் வக்கீல், "கூடப் பொறந்தவனையே காட்டிக் குடுக்கிறீங்களே?" என்று கேட்டபோது, உள்ளங்கையை மட்டும் விரித்துக் காட்டினாள். வக்கீல் வேறு கேள்விக்குப் போய்விட்டார். இரும்புக்கும் தம்பிக்கும் சிறை கிடைத்தது.

தம்பி வெளியே வந்தும் வீட்டுக்கு வரவில்லை. பக்கத்து ஊர்ப் பேருந்து நிலையத்தில் சைக்கிள் நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொள்கிறான் என்று ஐஸ் வண்டிக்காரர் விசாரித்து வந்து சொன்னார். ஒரு நாள் மார்க்கெட் முடிந்ததும் அவள் போனாள். சாலையின் இந்தப் பக்கம் நின்று பார்த்தாள். இளைத்திருந்தான். வேலை செய்யாத கையைச் சட்டைப் பைக்குள் செருகியிருந்தான். அவளைப் பார்த்துவிட்டான். குனிந்து ஒரு கல்லை எடுத்தான். இடது கையால் எறிந்து பழக்கமில்லை. கல் அவள் காலுக்குப் பக்கத்தில் விழுந்து உருண்டது. இன்னொன்று எடுத்தான். அது முழங்காலில் பட்டது. மூன்றாவது கல்லைக் கையில் வைத்துக்கொண்டு எறியாமல் நின்றான். அவள் பஸ் ஏறினாள். வழியெல்லாம் அழுதாள், முழங்கால் வலிக்காக இல்லை.

டாக்டரம்மாவும் வேறு சிலரும் சேர்ந்து நடத்துகிற நாய்க் காப்பகத்தில் கரி இருந்தது. ஆளைக் கண்டால் கம்பியைக் கடிக்கும். கூண்டு கழுவப் போன ஆளின் தொடையில் ஒரு கவளம் சதையை எடுத்துவிட்டது. ஊசி போட்டு முடித்துவிடலாம் என்று கூட்டத்தில் பேசினார்கள். அவள் குறுக்கே பேசவில்லை. "போடுறதுன்னா நான் பக்கத்துல இருக்கேன்" என்று மட்டும் சொன்னாள். அதன் கடைசி நாளிலும் பிஸ்கட்டை வீசித்தான் போட்டாள், அது பிடித்துத் தின்றது. ஊசி இறங்கும்போது வாய்க்கட்டுக்குள்ளிருந்து அவளைப் பார்த்து உறுமியபடியே கண் சொருகியது.

அதோடு எல்லாம் முடிந்தது என்றுதான் வீட்டுக்கு வந்து ஓவனைத் தூக்கிப் பழைய சாமான்காரனிடம் கொடுக்க எடுத்து வைத்தாள். அவன் வரவேண்டிய நாளன்று டாக்டரம்மாவின் போன் வந்தது. வேறு ஏதோ ஊரில் ஒரு குடோனைத் திறந்து, சண்டை நாய்களை ஒரு லாரி நிறைய கொண்டுவந்திருக்கிறார்களாம்.

"கிட்ட போக முடியல. வாய்க்கட்டு போட்டு வைத்தியம் பாக்கணும். வாய்க்கட்டுக்குள்ள மூஞ்ச விட வைக்க எதாச்சும் வாசனையா வேணும். உங்க பிஸ்கட் இருந்தா..."

"இல்ல டாக்டரம்மா. நான் அத விட்டுட்டேன்."

"சரிம்மா. பரவால்ல."

போனை வைத்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குத் திரும்ப நடந்தாள். தரையைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்கள். ஐஸ் பெட்டியில் மத்தி மிச்சம் இருந்தது.

மறுநாள் மத்தியானம் காப்பகத்தில், தட்டு நிறைய பிஸ்கட்டோடு கடைசிக் கூண்டின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். உள்ளே பழுப்பு நிறத்தில் ஒரு நாய், முகம் முழுக்கத் தையல். கம்பியின் மேல் பாய்ந்தது. எச்சில் அவள் முகத்தில் தெறித்தது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை. மறுபடி பாய்ந்தது. மறுபடியும். வாசலில் ஐஸ் வண்டிக்காரர் வண்டி மணியை அடித்து, "செதிலு, வர்றியா இல்லையா? ஐஸ் உருகுது!" என்று கத்தினார்.

"நீங்க போங்கண்ணே" என்றாள், நாயிடமிருந்து கண்ணை எடுக்காமல். "இது இப்பதான் ஆரம்பிச்சிருக்கு."